மாதம் 5,000-லிருந்து ஷிப்டுக்கு 140: ஒரு திருப்பூர்க் குடும்பத்தின் 2024 சேமிப்புக் கணக்கு

திருப்பூர் 15 வேலம்பாளையம் பக்கம் லைன் வீட்டில் குடியிருக்கும் குடும்பம் இது. கணவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மனைவி வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பிழைக்க வந்து பல வருடம் ஆகிவிட்டது. 2023 டிசம்பரில் மகள் அரசுப் பள்ளியில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள், மகன் தனியார் பள்ளியில் இரண்டாவது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள், போடவில்லை.

புது வருடத்திலிருந்து மாதம் 5,000 ரூபாய் தபால் ஆபீஸ் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட வேண்டும், ஃபாரம் கொண்டு வாருங்கள் என்று அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் சிறுசேமிப்பு முகவர். ஆர்.டி. பிடித்துக் கட்டினால் எனக்கு 4 சதவீதம் கமிஷன் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கில் ஆர்.டி. வேண்டாம் என்று நான் சொன்ன இடங்கள் இரண்டு இருக்கின்றன.

"போன வருஷமும் இதே மாதிரி ஆரம்பிச்சீங்களா?" என்று கேட்டேன். போன வருடமும் அதே 5,000தான், அதற்கு முந்தின வருடமும் அதே 5,000தான் என்றார். 2023-ல் என்ன நடந்தது என்று மாதம் மாதமாக உட்கார்ந்து எழுதினோம். ஜனவரியில் 5,000 எடுத்து வைத்தார்கள். பிப்ரவரியில் 4,000. மார்ச்சில் ஊரில் ஒரு காதுகுத்து, ஒரு சடங்கு. செய்முறைக்கு, அதாவது விசேஷ வீடுகளில் வைக்கும் மொய்க்கு எடுத்ததில் அந்த மாதம் ஒன்றும் வைக்க முடியவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது இருந்ததெல்லாம் போய், போதாமல் 30,000 கடன். மாமியாருக்குக் கண் ஆபரேஷனும் அதே மாதம் வந்ததால் அந்தத் தொகை. மூன்று வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். டிசம்பர் வரை வட்டி மட்டும் 5,400 கட்டியாயிற்று. அசல் அப்படியே நிற்கிறது.

தபால் ஆர்.டி.யில் ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், 5,000-க்கு 50 ரூபாய். நான்கு மாதத் தவணை கட்டாமல் போனால் கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்க வேண்டும். 2023-ஐப் போலவே 2024 போனால் பிப்ரவரியிலேயே தவறத் தொடங்கியிருப்பார்கள். ஃபாரத்தை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

தேதி போட்ட செலவுகள்

"கையில காசு நிக்க மாட்டேங்குதுக்கா" என்று அந்த அம்மா பலமுறை சொன்னார். தங்கள் மேலேயே குறை வைத்துப் பேசுகிற பேச்சு அது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வீட்டில் வெட்டிச் செலவு என்று காட்ட ஒன்றுமில்லை. ரேஷன் அரிசி, வாரம் ஒரு நாள் கறி, கணவருக்கு டீயும் பெட்ரோலும். வாடகை, மாமியாருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து வாரம் 4,200-க்குள் வீடு ஓடிவிடுகிறது. காசை அள்ளிக்கொண்டு போவது வருடத்தில் சில முறை மொத்தமாக வருகிற செலவுகள். அவற்றில் ஒன்றுகூட எதிர்பாராதது இல்லை. பொங்கல் எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும் என்பதும் தெரியும்.

அதனால் சேமிப்பை விட்டுவிட்டு, மொத்தமாக வரப்போகிற செலவுகளை மட்டும் எழுதச் சொன்னேன். போன வருடம் ஆனதை நினைவுபடுத்தி அவர்களே சொன்னார்கள். மகள் எழுதினாள். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போக, கோயில் வரி கட்ட 5,000. ஜூனில் பள்ளிக்கு 16,000: மகனுக்கு முதல் டேர்ம் ஃபீஸ் 9,000, புத்தகம் நோட்டு 3,500, யூனிஃபார்ம், ஷூ, பை 2,000, மகளுக்கு வாங்க வேண்டியது 1,500. அக்டோபரில் அடுத்த டேர்ம் 6,000. தீபாவளி 15,000. வருடம் முழுக்கச் செய்முறை 12,000. ஆஸ்பத்திரி, மருந்து 6,000. வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 3,500. அடுத்த பொங்கலுக்கு 6,000. (2024 பொங்கலுக்கு ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஜனவரியில் ரேஷன் கடையில் பொங்கல் பரிசோடு 1,000 ரூபாயும் கிடைத்தது.)

மொத்தம் 69,500.

மாதம் 5,000 வீதம் ஒரு மாதம்கூடத் தவறாமல் வைத்திருந்தாலும் வருடத்துக்கு 60,000தான். அதாவது இலக்கை முழுதாக எட்டியிருந்தாலும் 9,500 குறைந்திருக்கும், மறுபடி கடன்தான். இரண்டு வருடமாக எட்ட முடியவில்லையே என்று வருத்தப்பட்ட அந்த எண், எட்டினாலும் போதாத எண். கணவர் அந்தக் கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தார். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இதைத்தான் நான் பல வீடுகளில் பார்க்கிறேன். ஐயாயிரம், பத்தாயிரம் என்று முழு எண்ணாகச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தொகை எதற்கு, எந்தத் தேதிக்குள் என்று கேட்டால் பதில் இருக்காது. பெயரும் தேதியும் இல்லாத பணத்தைப் பெயரும் தேதியும் உள்ள செலவு வந்து எடுத்துக்கொண்டு போகிறது.

அந்த அம்மாவின் கம்பெனியில் போனஸ் ஒழுங்காகத் தருகிறார்கள். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம். கணவருக்கு கான்ட்ராக்ட்காரர் பார்த்துக் கொடுப்பதுதான். இரண்டும் சேர்ந்து தீபாவளிக்கு முன் 14,000 வரும் என்று வைத்தோம். மீதி 55,500. வாரச் சம்பளக்காரர்களுக்கு மாதக் கணக்கே சரிவராது. 2024-ல் சனிக்கிழமைகள் 52. வாரத்துக்கு 1,067, கொஞ்சம் கூட்டி 1,100.

வட்டிக் கடன்

பட்டியல் முடிந்ததும் அந்த அம்மா கேட்டார்: "அப்ப உரிமைத் தொகை ஆயிரத்தையாவது ஆர்.டி.யில போடலாமா?" கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 முதல் வருகிறது. அதைத் தொடாமல் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தபால் ஆர்.டி.க்கு அப்போது 6.7 சதவீத வட்டி. மாதம் 1,000 கட்டினால் ஐந்து வருடத்தில் 71,366 கிடைக்கும். நல்ல ஆசைதான். ஆனால் ஒரு பக்கம் வருடத்துக்கு 36 சதவீதம் கட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் 6.7 சதவீதம் வாங்குவதை எந்தக் கணக்கிலும் சரி என்று சொல்ல முடியாது. நகைச் சீட்டும் அப்படித்தான். நவம்பரில் ஒரு பதினொரு மாதச் சீட்டு முடிந்து கால் பவுன் சொச்சம் வாங்கியிருந்தார். அடுத்த சீட்டைச் சேராமல் நிறுத்தச் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

நான் சொன்ன வழி அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை. பீரோவில் இருக்கும் தோடும் மோதிரமும் சேர்த்தால் ஒரு பவுனுக்குச் சற்று மேல் வரும். அதை அரசு வங்கியில் அடகு வைத்து 30,000 வாங்கி, மூன்று வட்டிக் கடனை ஒரே நாளில் அடைத்துவிடுவது. வங்கியில் வட்டி அப்போது வருடத்துக்கு 9 சதவீதத்தை ஒட்டி. "நகைய வெச்சா மீட்கறதுக்குள்ள உசுரு போயிரும்க்கா. எங்கம்மா வெச்ச நகை ஏலத்துலதான் போச்சு" என்றார். அந்தப் பயம் நியாயமானது. அடகு வைத்துவிட்டு மறந்துவிடுகிற வீடுகளில் நகை திரும்புவதில்லை. இங்கே வித்தியாசம் ஒன்று உண்டு. மாதம் 900 ரூபாய் வட்டியாக ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. அந்த 900-ஐயும் உரிமைத் தொகை 1,000-ஐயும் சேர்த்து மாதம் 1,900 வங்கியில் கட்டினால் அசல் குறைந்துகொண்டே வரும். புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேட வேண்டியதில்லை. பழைய வழியில் போனால் ஒரு வருடத்தில் 10,800 கட்டியிருப்பார்கள், 30,000 அப்படியே இருக்கும்.

அவர் ஒரு வாரம் யோசித்தார். பொங்கலுக்குத் தோடு இல்லாமல் ஊருக்குப் போக முடியாது என்பதால், பொங்கல் முடிந்து வந்த அடுத்த வாரம் வங்கிக்குப் போனார்கள். மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து எடை போடும்போது மகளையும் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்.

ஷிப்டுக்கு 140

1,100 என்று எழுதியாயிற்று. கணவர்தான் அதை மறித்தார். "எல்லா வாரமும் ஒரே மாதிரி வராதுங்கக்கா. ஆர்டர் இருந்தா ஒரு நாளைக்கு ஒன்றரை ஷிப்ட் ஓடும். பீஸ் வரலைன்னா வாரத்துக்கு அஞ்சு ஷிப்டுக்கே இழுத்துப் புடிக்கணும்." அவருக்கு ஒரு ஷிப்டுக்கு 525. நல்ல வாரத்தில் எட்டு ஷிப்ட், 4,200. வேலை இல்லாத வாரத்தில் ஐந்தரை, அதாவது 2,900-க்கும் குறைவு. மனைவிக்கு வாரம் 2,300, அது பெரும்பாலும் மாறாது.

அந்த மறுப்பிலிருந்துதான் இந்தக் கணக்கின் முக்கியமான மாற்றம் வந்தது. இலக்கை வாரத்துக்கு வைக்காமல் ஷிப்டுக்கு வைத்தோம். ஒரு ஷிப்டுக்கு 140. எட்டு ஷிப்ட் ஓடினால் 1,120. ஐந்தரை ஓடினால் 770. ஐந்தரை ஷிப்ட் வாரத்தில் வீட்டுச் செலவு 4,200, சேமிப்பு 770, வங்கிக் கடனுக்கு உரிமைத் தொகை போக வாரப் பங்கு இருநூற்றுச் சொச்சம் போனால் மட்டுமட்டாகச் சரியாகிவிடும். வேலை குறைந்த வாரத்தில் "இந்த வாரம் இலக்கு போச்சு" என்று தோன்றாது என்பது பெரிய விஷயம். ஒரு வாரம் தவறினால் மறு வாரமும் விட்டுவிடுகிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. ஓடின ஷிப்டுக்கு மட்டும் எடுத்து வைக்கும்போது அதற்கு இடமே இல்லை.

சனிக்கிழமை ராத்திரி சம்பளக் கவர் வந்ததும் செய்வது இதுதான். கவரின் மேல் பென்சிலால் ஷிப்ட் எண்ணிக்கை எழுதியிருக்கும். மகளின் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டில் பாதி காலியாகக் கிடந்தது. அதில் தேதி, ஷிப்ட், 140-ஆல் பெருக்கிய தொகை என்று மூன்று பத்தி. அவள் பெருக்கிச் சொன்னதும், அம்மா தன் சம்பளக் கணக்கிலிருந்து போனிலேயே இன்னொரு கணக்குக்கு அந்தத் தொகையை அனுப்பிவிடுவார். அந்த இரண்டாவது கணக்குக்கு ஏ.டி.எம். கார்டு வாங்கவில்லை, போனில் இணைக்கவும் இல்லை. எடுக்க வேண்டுமானால் லீவு போட்டு வங்கிக்குப் போக வேண்டும், ஒரு நாள் சம்பளம் போகும். அப்பாவின் கவரில் உள்ள ரொக்கம் வீட்டுச் செலவுக்கு.

நோட்டின் பின்பக்கம் செலவுகள் தேதி வரிசையில். அங்கே ஒரு சிக்கல் தெரிந்தது. சராசரி 1,100 சரிதான், ஆனால் முதல் பாதி நெருக்கம். ஜூன் 8-க்குள் 23 சனிக்கிழமைகள். 16,000-ஐ வகுத்தால் வாரம் 700. பங்குனிப் பொங்கலுக்கு 14 சனிக்கிழமைகள், 5,000-க்கு வாரம் 357. இரண்டுக்குமே 1,057 போய்விட்டால் இடையில் ஒரு செய்முறை வந்தால் என்ன செய்வது? இரண்டு முடிவு எடுத்தார்கள். பங்குனிக்குக் குடும்பமாகப் போகாமல் கணவர் மட்டும் போய் வரி கட்டி வருவது, 3,000 போதும். மகனின் பள்ளியில் போய் முதல் டேர்ம் ஃபீஸில் பாதியை ஆகஸ்டில் கட்டுகிறோம் என்று ஜனவரியிலேயே கேட்பது. ஜூன் முதல் வாரம் வரிசையில் நின்று கேட்டால் கிடைக்காத பதில் ஜனவரியில் கிடைத்தது. ஜூன் தொகை 11,500 ஆகக் குறைந்தது. வாரத்துக்கு 500. பங்குனிக்கு 214. மீதி 386 செய்முறைக்கும் மருந்துக்கும்.

செய்முறை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் பெரிய சண்டை இதில்தான். உசிலம்பட்டிப் பக்கத்து மொய் நோட்டு என்பது கடன் புத்தகத்துக்குச் சமம். நம் வீட்டு விசேஷத்துக்கு 500 வைத்தவருக்குத் திருப்பும்போது அதைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பேச்சு வரும். கணவர் சொல்வது: "இதுவும் சேமிப்புதான். பையனுக்குக் காதுகுத்து வெச்சா மொத்தமா வந்துரும்." மனைவி சொல்வது: "வர்றப்ப வரட்டும். இப்ப ஃபீஸுக்கு யாரு தருவா?"

நான் மனைவி பக்கம். மொய் திரும்பி வருவது உண்மைதான். கொத்தனார் வேலை செய்பவருக்கும் டெய்லருக்கும் ஒரே நாளில் பெரிய தொகை கையில் கிடைக்க அந்த ஊர்களில் வேறு வழி குறைவு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணத்தை வேண்டிய நாளில் எடுக்க முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மொய் நோட்டைக் காட்டி மருந்து வாங்க முடியாது. விசேஷம் வைக்கவே முன்பணம் வேண்டும், அதற்கு இன்னொரு கடன். அதனால் சேமிப்புப் பட்டியலில் சேர்க்காமல் செலவுப் பட்டியலில் வைத்தோம். நோட்டைப் பார்த்து யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தனியாக எழுதி, பாக்கி இல்லாத இடங்களுக்கு 500-க்கு மேல் வைப்பதில்லை என்று கணவரே ஒத்துக்கொண்டார். அப்படியும் 12,000 என்று போட்டது 14,500 ஆனது. ஆவணியில் ஒரே வாரத்தில் மூன்று பத்திரிகை.

வருடம் போன விதம்

ஜூன் 10 அன்று பள்ளி திறந்தது. 8-ம் தேதியே பணம் கட்டி முடித்தபோது இரண்டாவது கணக்கில் 900 ரூபாய் இருந்தது. கடன் வாங்காமல் கழிந்த ஜூன். பல வருடத்துக்குப் பிறகு இதுதான் முதல் என்றார் அந்த அம்மா. ஆகஸ்டில் மீதி ஃபீஸ் 4,500 கட்டினார்கள். மருந்துச் செலவு நினைத்ததைவிடக் குறைவு, 3,800. மனைவிக்கு ஒருமுறை உடம்பு முடியாமல் போனபோது ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டு) மருத்துவமனைக்குப் போனதால் கைக்காசு தப்பியது. சம்பளத்தில் பிடிக்கிற பணம்தான் அது. ஆனாலும் அங்கே கூட்டம் என்று தனியார் கிளினிக்குக்கே போய்ப் பழகியிருந்தார்கள்.

ஷிப்ட் கணக்கு நினைத்த அளவு வரவில்லை. வருடம் முழுக்க 352 ஷிப்ட்தான், வாரத்துக்கு ஏழுக்கும் குறைவு. 140 வீதம் 49,280. வேண்டியது 55,500. குறைவு 6,220. செப்டம்பரிலேயே நோட்டில் அது தெரிந்துவிட்டதால் தீபாவளியை 15,000-லிருந்து 11,000-க்குக் குறைத்தார்கள். பட்டாசும் ஊர்ப் பயணமும் குறைந்தன, பிள்ளைகளின் துணியில் கை வைக்கவில்லை. பங்குனியில் மிச்சமான 2,000-ஐயும் சேர்த்தால் 6,000. செய்முறையில் கூடியது, மருந்தில் குறைந்தது எல்லாம் போக, டிசம்பர் 28, கடைசிச் சனிக்கிழமை, கணக்கில் 5,480 ரூபாய். 2025 பொங்கலுக்கு வேண்டிய 6,000-க்கு 520 குறைவு.

வங்கி நகைக்கடனில் பாக்கி ஒன்பதாயிரத்தை ஒட்டி.

இதைக் காட்டி ஒருவர் கேட்கலாம்: வருடம் முழுக்கப் பாடுபட்டுச் சேமித்தது இவ்வளவுதானா? பாஸ்புக்கில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். 2023-ல் இந்த வீடு 30,000 கடனில் இறங்கியது. 2024-ல் புதுக் கடன் ஒரு ரூபாய் இல்லை, பழைய கடனில் ஏறத்தாழ 21,000 அடைந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கும் வருமானம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடன் அடைவதைச் சேமிப்பு என்று யாரும் கொண்டாடுவதில்லை. எனக்கு அது முதல் தரச் சேமிப்பு. 36 சதவீத வட்டியை நிறுத்துவதற்கு ஈடாக எந்தத் தபால் திட்டமும் வங்கித் திட்டமும் கிடையாது.

2025-க்குப் போட்டது

நகைக்கடன் மே மாத வாக்கில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் மாதம் 1,900 சும்மா நிற்கும். இந்த முறை ஆர்.டி. போடலாம் என்று நானே சொன்னேன், ஆனால் தபால் ஆர்.டி. வேண்டாம் என்றேன். 2024-25-ல் மகள் எட்டாவது. 2029 கோடையில் பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரிக்குப் போவாள். தபால் ஆர்.டி. ஐந்து வருடம். 2025 ஜூனில் தொடங்கினால் 2030-ல்தான் முதிரும். மூன்று வருடம் கழித்து இடையில் முடிக்கலாம், ஆனால் சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான் கிடைக்கும். பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் பத்து வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், அந்த வயது தாண்டிவிட்டது. எனவே வங்கியில் நான்கு வருட ஆர்.டி., 2029 மே மாதம் முடிகிற மாதிரி, மாதம் 1,000. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பதால் கல்லூரிக்குப் போனதும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவளுக்கே வரும், அது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

மீதி 900-க்குத்தான் இன்னும் தீர்வு வரவில்லை. நகைச் சீட்டு என்கிறார் மனைவி. மகனின் காதுகுத்துக்கு முன்பணம் சேர்க்கலாம் என்கிறார் கணவர். ஒரு மாத வீட்டுச் செலவு அளவுக்கு, அதாவது 18,000 ரூபாய், தொடாத பணமாக இரண்டாவது கணக்கில் சேரும் வரை இரண்டும் வேண்டாம் என்பது என் பக்கம். ஷிப்ட் குறைந்த வருடத்தில் தீபாவளியை வெட்டித்தான் சரிக்கட்ட வேண்டியிருந்தது, அடுத்த முறை வெட்டுவதற்குத் தீபாவளி இல்லாத மாதமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறேன். கணவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். மகள் அதற்குள் புது நோட்டில் முதல் வரி எழுதிவிட்டாள்: மே 31-க்குள் பள்ளிக்கு 17,500, சனிக்கிழமை 22, வாரம் 800.